புதிய அளவுகருவியை விற்பனைக்குக் கொண்டுவருமுன் யாரிடம், எப்படிக் கருத்துக் கேட்பது?

கேள்வி: ஓய்வு நேரத்தில் வீட்டு மரவேலைகளைச் செய்துவரும் நான், இரு சுவர்களுக்கு இடையே அலமாரித் தட்டுப் பொருத்துவதற்கான அளவுகருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்று நழுவும் இரண்டு அலுமினியத் தண்டுகள் 450 மி.மீ. முதல் 800 மி.மீ. வரை நீளும். சுவரின் சாய்வுக்கேற்பத் திரும்பும் பிளாஸ்டிக் தகடுகள் இரு முனைகளிலும், தண்டுக்கு 40 மி.மீ. கீழே, இருக்கின்றன. திருகை முடுக்கிப் பூட்டிவிட்டால் அகலத்தையும் இரு மூலைகளின் கோணத்தையும் அப்படியே பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். முப்பரிமாண அச்சில் செய்த மாதிரிகளைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் அருமை என்கிறார்கள். ஒருவர் மட்டும் டிஜிட்டல் திரை வேண்டும் என்கிறார், இன்னொருவர் அங்குல அளவும் வேண்டும் என்கிறார். மூன்று மாதத்தில் விற்பனையைத் தொடங்க எண்ணி, பிளாஸ்டிக் பாகங்களுக்கான வார்ப்பு அச்சுக்கு முன்பணம் கொடுக்க இருக்கிறேன். அதற்கு முன் யாரிடம், எத்தனை பேரிடம், என்ன கேட்க வேண்டும்? வெளியே காட்டினால் என் யோசனை திருடுபோய்விடுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கருவி மோசமானது என்பதால் இதைச் சொல்லவில்லை. அது நல்லதா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய எந்தச் சான்றும் இன்னும் உங்கள் கையில் இல்லை என்பதால் சொல்கிறேன். நண்பர்கள் உங்கள் மீதுள்ள அன்பினால் பேசுகிறார்கள். அந்த அன்பு உண்மையானதுதான் என்றாலும், அதைக் கருவியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. கைக்கருவிகளை வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: அளவுகருவியைப் பொறுத்தவரை கருத்துக் கேட்பது இரண்டாவது வேலை; முன்பின் அறியாத ஒருவர் கையில் அது சரியான அளவைக் காட்டுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒரு நாற்காலி வசதியாக இருக்கிறதா என்பதை அதில் உட்கார்ந்தவர் சொல்லிவிடலாம். ஆனால் ஓர் அளவுகருவி பிழையாகக் காட்டுகிறதா என்பது அதைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது. பலகையை அறுத்து, அது இடைவெளியில் ஏறாமல் நிற்கும்போதுதான் தெரியும், அப்போதும் அவர் பெரும்பாலும் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

எனவே முதல் சோதனையில் யாரிடமும் எந்தக் கருத்தும் கேட்க வேண்டியதில்லை. தடித்த பலகையின் மீது மரக்கட்டைகளை இரண்டிரண்டாக உறுதியாகத் திருகிப் பொருத்தி, உங்கள் கருவியின் வீச்சுக்குள் வெவ்வேறு அகலமுள்ள 10 இடைவெளிகளை உருவாக்குங்கள். சிலவற்றில் கட்டைகளைச் சற்றுச் சாய்த்தே பொருத்துங்கள். ஒவ்வோர் இடைவெளியின் உண்மையான அகலத்தையும், இன்ன உயரத்தில் எடுத்தது என்ற குறிப்போடு, நம்பகமான வேறொரு கருவியால் அளந்து நீங்கள் மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று பேரை அழைத்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடைவெளியையும் மும்முறை, வரிசையைக் கலைத்துக் கலைத்து, தாம் முன்பு எடுத்த அளவைப் பார்க்காமல் அளக்கும்படி செய்யுங்கள். மொத்தம் 90 அளவுகள் கிடைக்கும். பத்துப் பாகங்கள், மூன்று பேர், இரண்டு அல்லது மூன்று முறை என்பது ஆலைகளில் அளவீட்டு முறைகளைச் சோதிக்க நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் ஏற்பாடு. வீட்டுக் கருவிக்கும் அது அப்படியே பொருந்தும்.

அந்த 90 எண்களும் எந்த நண்பரும் சொல்லாதவற்றை உங்களுக்குச் சொல்லும். ஒரே ஆள் ஒரே இடைவெளியை மும்முறை அளந்து மூன்று வெவ்வேறு எண்களைப் பெற்றால், கோளாறு பெரும்பாலும் கருவியின் இயக்கத்தில் இருக்கிறது: தண்டுகளுக்கு இடையில் ஆட்டம் இருக்கலாம், அல்லது திருகை முடுக்கும்போது தண்டு சிறிது நகர்ந்துவிடலாம். பூட்டும் அந்தக் கணத்தில் அளவு நகர்வது இவ்வகைக் கருவிகளில் மிகச் சாதாரணமான குறை என்பதால், பூட்டுவதற்கு முன்பும் பின்பும் உள்ள அளவைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தமக்குள் மாறாமல் இருந்து, ஒருவருக்கொருவர் மட்டும் வேறுபட்டால், பிடிக்கும் முறையிலோ படிக்கும் முறையிலோ குறை இருக்கிறது: ஒருவர் சுவரோடு அழுத்துகிறார், இன்னொருவர் மெல்லத் தொடுகிறார், ஒருவர் கோட்டை நேராகப் பார்க்கிறார், இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். மூவரும் தமக்குள் ஒத்துப்போய், உண்மை அளவிலிருந்து மட்டும் ஒரே அளவு விலகியிருந்தால், அளவுக்கோடுகளின் தொடக்கம் பிசகியிருக்கிறது. இதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் எளிது. இப்படி மூன்று விதமான குறைகளுக்கும் மருந்து வெவ்வேறு. ‘கொஞ்சம் துல்லியம் போதவில்லை’ என்று ஒருவர் பொதுவாகச் சொல்லும்போது இவற்றில் எது என்பதை உங்களால் அறிய முடியாது.

உங்கள் வடிவமைப்பில் ஓர் இடத்தை நான் குறிப்பாகச் சுட்ட வேண்டும். முனைகள் தண்டுக்கு 40 மி.மீ. கீழே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும் என்ற விதியை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890இல் வகுத்தார். அந்தக் கோட்டிலிருந்து அளவுகோல் விலகும் தூரம் கூடக்கூட, மிகச் சிறிய சாய்வும் பெரிய பிழையாகிவிடும். 40 மி.மீ. விலகலில் தண்டு அரை பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 0.35 மி.மீ. பிழை வரும். கருவியை முழுதாக நீட்டும்போது இரு தண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் நீளம் குறைவதால், அதே இடைவெளி ஆட்டம் அதிகச் சாய்வைத் தரும். ஆகவே 10 இடைவெளிகளில் குறைந்தது இரண்டு 780 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும். நடுத்தர நீளத்தில் மட்டும் சோதித்தால் கருவி உங்களைக் கைவிடும் இடத்தைப் பார்க்காமலே போய்விடுவீர்கள்.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம் என்ற கேள்வி அடுத்து எழும். ஆலைகளில், அளவீட்டு முறையால் வரும் பரவல், அதாவது ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது எண்கள் சிதறும் வீச்சு, அனுமதிக்கப்பட்ட மொத்த வேறுபாட்டில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்றும், 30 விழுக்காட்டைத் தாண்டினால் ஏற்க முடியாது என்றும் கொள்கிறார்கள். அலமாரித் தட்டு ஒன்றின் நீளம் மொத்தம் 2 மி.மீ. வரை வேறுபடலாம் என்று வைத்துக்கொண்டால், 30 விழுக்காடு என்பது 0.6 மி.மீ.; அதற்குள் உங்கள் பரவல் அடங்க வேண்டும். இதே 90 அளவுகளைச் சாதாரண அளவு நாடாவாலும் எடுக்கச் சொல்லுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குபவர் உங்கள் கருவியை முழுநிறைவான ஒரு கருவியோடு ஒப்பிடப் போவதில்லை. தன் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் நாடாவோடுதான் ஒப்பிடுவார். ஐரோப்பிய விதிகளின்படி இரண்டாம் வகுப்பு அளவு நாடா ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.5 மி.மீ. வரை பிழைபட அனுமதி உண்டு. அதற்கு மேல், உட்பக்க அளவெடுக்கும்போது நாடாவை மூலையில் மடக்கிப் படிப்பதால் வரும் பிழை தனி. உங்கள் கருவி அந்த இடத்தில் நாடாவை வெல்லுமானால், அதைவிடப் பெரிய விளம்பரம் உங்களுக்குத் தேவைப்படாது. வெல்லாவிட்டால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு போட்டியாளரையும் மறந்துவிடாதீர்கள். பழகிய தச்சர்கள் இரண்டு மெல்லிய குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, இரு சுவர்களையும் தொடும் வரை நகர்த்தி, விரலால் இறுக்கி, அப்படியே பலகை மேல் வைத்துக் கோடிடுவார்கள். எண்ணே இல்லை, எனவே எண்ணைத் தவறாகப் படிக்கவும் வழியில்லை. உங்கள் கருவியின் உண்மையான பலம் அதன் அளவுக்கோடுகளிலா, அல்லது கோணத்தோடு சேர்த்து வடிவத்தை மாற்றித் தருவதிலா என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டும். இரண்டாவதுதான் என்பது என் ஊகம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் பயன்படுத்துபவர்கள்.

அளவுகள் தேறிய பிறகு மனிதர்களிடம் வருவோம். முதல் சுற்றுக்கு ஐந்து பேர் போதும். மென்பொருள் திரைகளைச் சோதித்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிப்படுத்துகிறார். அந்தக் கணக்கில் ஐந்து பேருக்குள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். கைக்கருவிக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதன் உட்பொருள் பொருந்தும்: ஒரே மாதிரியைப் பதினைந்து பேரிடம் காட்டுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, திருத்தியதை வேறு ஐந்து பேரிடம் காட்டுவது பயன் தரும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை மட்டும் இந்த ஐந்து பேரை வைத்துக் கணக்கிடாதீர்கள். குறைகளைக் கண்டறியத்தான் இந்த எண்ணிக்கை உதவும்.

அந்த ஐவரும் உங்களை நன்கு அறிந்தவர்களாக இருக்கக்கூடாது. கடந்த சில மாதங்களுக்குள் தாமே அலமாரித் தட்டோ சமையல் மேடைப் பலகையோ பொருத்தியவர்கள் மூவர், இதுவரை செய்யாமல் இப்போது செய்ய எண்ணியிருப்பவர் ஒருவர், தொழில்முறைத் தச்சர் ஒருவர் என்று அமைத்துக்கொள்ளலாம். தச்சரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள், ஆனால் அவருக்காகக் கருவியை மாற்றிவிடாதீர்கள். அவருடைய கைப்பழக்கம் குறைகளைத் தானே சரிக்கட்டிவிடும், உங்கள் வாடிக்கையாளருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. ஐவரில் ஒருவராவது இடக்கைக்காரராக இருக்கட்டும்; மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படிப்பட்டவர், பூட்டுத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய விஷயம். ஒருவராவது நாற்பதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி தேடுபவராக இருக்கட்டும். அலமாரியின் உட்புறம் இருட்டானது. நீங்கள் மேசை விளக்கின் கீழ் தெளிவாகப் பார்த்த அரை மி.மீ. கோடுகள் அங்கே தெரியாமல் போகலாம்.

அவர்களிடம் கருவியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன. விளக்காதீர்கள். கடையில் வாங்குபவருக்கு என்ன கிடைக்குமோ, அதாவது கருவியும் ஒரு குறிப்புத் தாளும், அது மட்டும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள்: ‘இந்த இடைவெளிக்குள் இந்தப் பலகை சரியாக உட்கார வேண்டும், அறுத்துப் பொருத்துங்கள்.’ பிறகு பேசாமல் இருங்கள். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பொருளை ஒருவர் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்க்கும்போது வாய் தானாகத் திறக்கும்; அந்த நேரத்தில் அடக்கிக்கொள்வது மிகக் கடினம், ஆனால் நீங்கள் உதவிய மறுகணமே அந்தச் சோதனையிலிருந்து கற்க வேண்டியது போய்விடும். அவர் திகைத்து நின்றால், ‘இப்போது மனத்தில் என்ன ஓடுகிறது?’ என்று மட்டும் கேட்கலாம். அவர் சம்மதித்தால், கைகள் மட்டும் தெரியும்படி காணொளி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை அவர் செய்யும் செயல்கள். கை முதலில் எங்கே போகிறது? எந்த விளிம்பிலிருந்து எண்ணைப் படிக்கிறார்? திருகை முடுக்கும்போது மறு கை எதைப் பிடித்திருக்கிறது? எல்லாவற்றையும்விட முக்கியமானது: உங்கள் கருவியால் அளந்த பிறகு, அறுப்பதற்கு முன், நாடாவை எடுத்து ஒருமுறை சரிபார்க்கிறாரா? அப்படிச் செய்பவர் வாயால் எவ்வளவு பாராட்டினாலும் கருவியை நம்பவில்லை. ஐந்தில் மூவர் நாடாவை எடுத்தால், அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த மாதம் முழுவதும் நீங்கள் ஆராய வேண்டிய கேள்வி. அது துல்லியக் குறைவால்தான் வர வேண்டும் என்பதில்லை. அளவு நாடாவின் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வர, அந்தத் தடிமன் அளவுக்கே அது நகரும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். உங்கள் முனைத் தகடுகளும் சுவரைத் தேடித் திரும்ப வேண்டியவை என்பதால், கையில் எடுத்தவுடன் தொளதொளப்பாகத் தோன்றக்கூடும். வேலைக்குத் தேவையான ஆட்டத்தைக்கூடச் சிறிது இறுக்கம் தந்து உறுதியாக உணரச் செய்ய வேண்டியிருக்கலாம்.

வேலை முடிந்த பிறகு கேள்விகளுக்கு வரலாம். ‘பிடித்திருக்கிறதா?’, ‘இது விற்பனைக்கு வந்தால் வாங்குவீர்களா?’ என்ற இரண்டையும் அறவே விலக்குங்கள். எதிரில் நிற்பவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காக யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: ‘கடைசியாக இப்படி ஒரு தட்டை எப்போது பொருத்தினீர்கள், எப்படி அளந்தீர்கள், எத்தனை முறை திருப்பி அறுத்தீர்கள், பலகை ஏதும் வீணானதா, அதற்குப் பிறகு வேறு கருவி எதையாவது தேடினீர்களா?’ ஒருவர் கடந்த ஐந்தாண்டில் ஒரே ஒரு தட்டைத்தான் பொருத்தியிருக்கிறார் என்றால், அவர் எவ்வளவு மகிழ்ந்தாலும் அவருக்கு இந்தக் கருவி தேவையில்லை, இரவல் வாங்கிக்கொள்வார். இந்த விடைகள் உங்களுக்கு வருத்தம் தரலாம், ஆனால் விலையையும் முதல் தொகுப்பின் எண்ணிக்கையையும் முடிவுசெய்ய இவைதான் உதவும். முடிந்தால் கருவியைச் சில வாரங்கள் அவர்களிடமே விட்டுவைத்து, பிறகு திருப்பிக் கேளுங்கள். கருவிப்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாரா, எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா, விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்கிறாரா என்பதில் விடை இருக்கிறது. அப்படி விடும்போது ஓர் எச்சரிக்கை: முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்த வெப்பம் எட்ட இடமுண்டு. உங்கள் மாதிரிகள் அந்தப் பிளாஸ்டிக்கில் செய்தவையானால், முனை வளைந்தது என்ற புகார் வரும்போது அது வடிவமைப்பின் குறையா, மாதிரியின் பொருளுக்கு உரிய குறையா என்று பிரித்துப் பாருங்கள்.

டிஜிட்டல் திரையையும் அங்குல அளவையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யோசனையை எடுத்துக்கொள்ளாமல், அதற்குப் பின்னால் உள்ள தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். திரை கேட்டவர் கோடுகளைப் படிக்கச் சிரமப்பட்டிருக்கலாம். தடித்த கோடுகளும் பெரிய எண்களும் கறுப்பின்மேல் வெள்ளையும் அதைத் தீர்த்துவிடலாம், மின்கலமும் மின்சுற்றும் அதற்கான பழுதுகளும் வேண்டியிருக்காது. அங்குலம் என்பது யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1959 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் கணக்கில் சிக்கல் ஏதுமில்லை, சிக்கல் கண்ணில்தான். ஒரே விளிம்பில் இரண்டு அளவுகளையும் நெருக்கிப் பொறித்தால் தவறாகப் படிப்பவர்கள் கூடுவார்கள். வேண்டுமென்றால் மறுபக்கத்தில் பொறியுங்கள், பொறித்த பின் அந்த 90 அளவுகளில் ஒரு பகுதியை மீண்டும் எடுங்கள்.

திருட்டைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான். இருந்தாலும் உங்கள் யோசனையை ஒருவர் எடுத்துக்கொள்வார் என்பதைவிட, நீங்களே பொதுவில் காட்டிக் காப்புரிமைத் தகுதியை இழந்துவிடுவீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. பல நாடுகளில், விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் வெளியான கண்டுபிடிப்பு புதுமை இழந்ததாகக் கருதப்படும். அமெரிக்கா போன்ற சில நாடுகள் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு சலுகைக் காலம் தருகின்றன, ஆனால் அதை நம்பி மற்ற நாடுகளில் உரிமை கேட்க முடியாது. ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்துவிட்டால், 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாத முன்னுரிமைக் காலம் கிடைக்கும். நழுவும் தண்டு மிகப் பழையது என்பதால் அதற்கு உரிமை கிடைக்க வாய்ப்பில்லை. அகலத்தையும் இரு கோணங்களையும் ஒரே திருகில் பூட்டும் ஏற்பாடு புதியதாக இருக்கலாம். காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் இதைக் காட்டி, ஏற்கெனவே பதிவான உரிமைகளையும் தேடச் சொல்லுங்கள். வேறொருவரின் உரிமையை நீங்கள் அறியாமல் மீறிவிடக்கூடாது அல்லவா? அதுவரை, சோதனைக்கு வரும் ஐவரிடமும் இரகசியம் காப்பதாக எளிய ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிடாதீர்கள். உரிமை கோரும் எண்ணமே இல்லையென்றால், இந்த அச்சத்தை விட்டுவிட்டுத் தாராளமாகக் காட்டுங்கள். அப்போது மறைத்துவைப்பதால் வரும் நட்டம் உங்களுக்கே.

வார்ப்பு அச்சை இரண்டாவது ஐவரின் சோதனை முடிந்த பிறகே செய்யக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் இதெல்லாம் முடியாமல் போகலாம். விற்பனையைத் தள்ளிவைப்பதுதான் மலிவு. அப்படியும் ஒருசில அளவுகளில் ஐயம் மிஞ்சும்: முனைத் தகடு திரும்புவதற்கான துளை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், கைப்பிடி எவ்வளவு தடிமன் வேண்டும் என்பவை போல. எஃகு அச்சில் உலோகத்தை மேலும் செதுக்கி எடுப்பது எளிது, எடுத்த இடத்தில் திரும்பச் சேர்ப்பது கடினம், செலவும் மிகுதி. எனவே ஐயமுள்ள இடங்களில் பிளாஸ்டிக் சற்றுக் குறைவாக வரும்படி அச்சைச் செய்யச் சொல்லுங்கள்; பின்னர் அச்சைச் செதுக்கிப் பிளாஸ்டிக்கைக் கூட்டிக்கொள்ளலாம். துளைகளில் இது தலைகீழாக வரும்: துளையை உண்டாக்குவது அச்சிலுள்ள எஃகு ஊசி என்பதால், முதலில் ஊசி தடித்து, துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அச்சு செய்பவரிடம் எந்தெந்த அளவுகள் இன்னும் உறுதியாகவில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், அவருக்கு இது பழகிய வேலைதான்.

பெட்டியின் மேல் துல்லியத்தைப் பற்றி எழுதும்போது, 90 அளவுகளில் வந்ததை மட்டும் எழுதுங்கள்; கோடுகள் அரை மி.மீ. இடைவெளியில் இருப்பதால் துல்லியமும் அரை மி.மீ. என்று ஆகிவிடாது. முதல் தொகுப்பின் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் பொறித்து, எந்த நாளில் எந்தப் பாகங்களால் சேர்த்தது என்று குறித்துவையுங்கள். புகார் வரும்போது எத்தனை கருவிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அப்போது தெரியும். அளவுகளை எடுத்து முடித்ததும் அந்தப் பட்டியலை, யார் எந்த வரிசையில் அளந்தார் என்ற விவரத்தோடு எனக்கு அனுப்புங்கள். ஆட்டம் தண்டில் இருக்கிறதா, திருகில் இருக்கிறதா என்பதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.